தோட்டக்காரன் வாய்

தண்ணீரைக் கண்ணால் குடிக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு செவ்வாயும் வெள்ளியும் தேனிக்குப் போய் டயாலிசிஸ் மெஷினோடு படுக்கிறேன். அதற்காக இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்த இடம் எந்நேரமும் அதிர்கிறது. காதில் வைத்தால் தூரத்துக் கிணற்று மோட்டார். திரும்பும் பஸ்ஸில் வீரபாண்டி வந்ததும் ஆற்றுப் பக்கம் சாய்வேன். குளிப்பவர்கள்மேல் பொறாமை பொங்கும். ஆறு அது பாட்டுக்குப் போகும். வீட்டில் மனைவி விடிந்ததும் ஒரு பாட்டிலில் ஊற்றி வைப்பாள். அன்றைக்கு எனக்கு அவ்வளவுதான். காபியும் ரசமும்கூட அந்தக் கணக்கில் கழியும்.

தண்ணீரோடு எப்படியோ சமாதானமாகிவிடலாம். திராட்சையோடு?

ஓடைப்பட்டியில் எங்களுக்கு விதையில்லாத் திராட்சைப் பந்தல். வியாபாரி ஆட்களோடு வந்து நின்றாலும், தோட்டக்காரன் ஒரு பழத்தை வாயில் போட்டு 'வெட்டு' என்று சொன்ன பிறகுதான் எங்கள் தோட்டத்தில் கத்தரி கொத்தைத் தொடும். அப்பாவுக்குப் பின் அந்த வாய் என்னுடையது. அதை விட்டுவிட்டால் பந்தலுக்கடியில் நான் யார்?

பழத்திலிருக்கும் பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கினால் இதயமே நின்றுபோகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அறுவடைக்கு முந்தைய வெள்ளி, நர்ஸிடம் கெஞ்சிப் பார்த்தேன்.

"ஒண்ணே ஒண்ணு, சிஸ்டர். தொழிலுக்காக."

"ஒண்ணு தின்னா ஒண்ணும் ஆகாது சார். ஒண்ணோட நிறுத்துவீகளா? அதை மொதல்ல சொல்லுங்க."

பக்கத்துக் கட்டில்காரர் படுத்தபடியே சிரித்தார். "நானும் ஒரு கீத்து மாம்பழத்துலதான்யா ஆரம்பிச்சேன். ஐசியூல போயி முடிச்சேன்."

என்னை எனக்குத் தெரியும். நிறுத்த மாட்டேன்.

வியாபாரி வந்தான். ஆட்கள் பெட்டிகளை இறக்கினார்கள். பந்தலின் பச்சை இருட்டில் கொத்துகள் பொன்னிறமாகக் கனத்துத் தொங்கின. ஒன்றைக் கிள்ளினேன். விரலிடுக்கில் குளிர்ந்து உருண்டது. வாயெல்லாம் ஊறியது.

"வாயில போட்டுச் சொல்லுண்ணே. ஆளுக நிக்கிறாக."

நான் பழத்தைப் பக்கத்தில் நின்ற மனைவியிடம் நீட்டினேன். அவள் பதறிவிட்டாள். "எனக்கென்ன தெரியும்? நீங்க கலரைப் பாத்தே சொல்லுங்க." கலரைப் பார்த்தால் வெட்டலாம் போலத்தான் இருந்தது. நான் கையை இறக்கவில்லை. வாங்கிக் கடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"மொதல்ல இனிக்குது. முழுங்குனதும் நாக்கு ஓரத்துல புளிப்பு நிக்குது. நாலு நாளு போகட்டும்."

"சரியாப் போச்சு! அண்ணன் வாயக்கூடச் சமாளிச்சிரலாம். மதினி வாயி கோர்ட்டால்ல இருக்கு!" என்றான் வியாபாரி. முனகிக்கொண்டே பெட்டிகளைத் திரும்ப ஏற்றினார்கள்.

வண்டிச் சத்தம் ஓய்ந்ததும் கேட்டேன், "தோலு எப்படி ஒடைஞ்சுச்சு?"

"பட்டுன்னு."

"பெறகு?"

"சும்மா இருங்க" என்றாள். கொஞ்ச தூரம் நடந்தவள் நின்று, தானாகவே இன்னொரு பழத்தைக் கிள்ளிக்கொண்டு திரும்பி வந்தாள். என் முகத்துக்கு நேரே நின்று மெல்ல மென்றாள்.

"இப்ப சாறு எறங்குது. சில்லுன்னு இருக்கு. கேக்குறீகளா?"

கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் விழுங்கினாள். என் தொண்டை ஏறி இறங்கியது.