பெண் பார்த்த அன்று லீக்

பழனிசெட்டிபட்டியில் மோட்டார் பம்பு ரிப்பேர் கடை வைத்திருந்த என் அப்பாவுக்கு, உலகத்தில் இருந்த ஒரே நோய் லீக். குழாய் சொட்டினால் லீக், ஓடு ஒழுகினால் லீக். எனக்குச் சளி பிடித்தால்கூட, "புள்ளைக்கு மூக்கு லீக்" என்றுதான் டாக்டரிடம் சொல்வார். அடுத்த தெருக் காதல் ஒன்று ஊருக்குத் தெரிந்தபோது, "விசயம் லீக்காயிருச்சு" என்றார். கசிவது, ஊறுவது, பொசிவது என்று தமிழில் எத்தனையோ சொல் இருக்க, ஒற்றை லீக்கை வைத்தே காலம் தள்ளினார். வைத்தியமும் ஒன்றுதான். கொட்டாங்கச்சியில் சோப்பை நுரைத்துச் சந்தேகப்பட்ட இடத்தில் தடவுவார். காற்றுக்குமிழிக்கு அவர் பாஷையில் முட்டை என்று பெயர். முட்டை வந்தால் லீக்.

மார்க்கையன்கோட்டையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் மட்டும்தான். போட்டோவிலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. காது இரண்டும் துருத்திக்கொண்டு, யார் என்ன சொன்னாலும் கேட்கத் தயாராக இருப்பவர் போலத் தெரிந்தார். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் கெட்டுவிடக் கூடாதே என்று இருந்தது எனக்கு.

வந்தவர் கைப்பையை வாங்கி உள்ளே வைப்பது எங்கள் பக்க மரியாதை. என் அம்மா அந்த அம்மாவின் பையை வாங்கி, காலையில் புதிதாக மாட்டிய கேஸ் சிலிண்டர் பக்கத்தில் வைத்தாள். நான் காப்பித் தட்டை எடுப்பதற்குள் குப்பென்று ஒரு நாற்றம்.

"லீக்! எல்லாரும் வெளிய போங்க!" என்று அப்பா கத்தினார்.

பட்டுச்சேலையும் காப்பித் தட்டுமாகத் தெருவில் நின்றேன். தெருவே என்னைப் பெண் பார்த்தது. "சம்பந்தம் பேச வந்தாகளா, வீட்டக் காலி பண்ண வந்தாகளா?" என்றாள் எதிர்வீட்டு அக்கா. எனக்கு அழுகை முட்டியது. அப்பா மேல் அப்படி ஒரு கோபம்.

அவரோ உள்ளே ரெகுலேட்டர், டியூப், அடுப்பு என்று நுரையைத் தடவிக்கொண்டே போனார். மாப்பிள்ளை மட்டும் வெளியே வரவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக் கொட்டாங்கச்சியைப் பிடித்துக்கொண்டார். நானும் அவர் அம்மாவும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வந்ததிலிருந்து "சார், சார்" என்றவர் இப்போது, "மாமா, இங்கன முட்டை வரலை. அங்கன தடவுங்க" என்றார்.

தடவ வேறு இடமில்லாமல் அப்பா பையை நோக்கிப் போனார்.

"ஐயோ அண்ணே, அதுல பெருங்காயம் இருக்கு!" என்று ஜன்னலிலிருந்து கத்தினார் அந்த அம்மா. நேரே தேனி பஜாருக்குப் போய் மாதச் சாமானை முடித்துவிட்டு, அப்புறம் இங்கே வந்திருக்கிறார். கட்டிப் பெருங்காயப் பொட்டலம் பிரிந்து கிடந்தது. "பஸ்ஸுக்குக் காசு குடுத்து தேனி வரைக்கும் வந்துட்டு, சாமான் வாங்காமப் போவாகளா? பொண்ணு அமையுதோ இல்லையோன்னு..."

சொன்னவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அப்பா நுரைக் கையோடு வாசலுக்கு வந்தார். "அப்ப, பொண்ணு விசயம்?"

"என்னைய எதுக்குண்ணே கேக்குறீக? அவன்தான் உங்கள மாமாங்குறானே!"

மாப்பிள்ளையின் காது இரண்டும் சிவந்துபோயின. அப்பா அந்தக் காதுகளை உற்றுப் பார்த்தார்.

"லீக்கு அந்தப் பக்கந்தான்" என்றார்.

நல்லவேளையாக என் பக்கம் அவர் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நுரையே தேவைப்பட்டிருக்காது.