வெள்ளைச் சட்டையும் வாழைக்கயரும்

நீர்வேலியில் எத்தனையோ வாழைத்தோட்டம் இருக்க, என் தம்பியின் தோட்டம் றோட்டுக்கரையில் இருந்தபடியால், பாட்டுப் படம் பிடிக்க ஒரு பாட்டுக்காரப் பொடியன் அங்கே வந்தான். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். அன்று காலைதான் தம்பி குலை வெட்டியிருந்தான். வெட்டின மரத்தில் கயர், அதுதான் வாழைச்சாறு, வடிந்துகொண்டிருந்தது. பொடியன் அந்த மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் பாடத் தொடங்கினான்.

வாழைக்கயர் படும்போது தண்ணீர் மாதிரித்தான் இருக்கும். காய்ந்த பிறகுதான் மண்ணிறமாகத் தெரியவரும். பிறகு எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. தம்பி சந்தைக்குப் போய்விட்டான். நான் சருகு களைந்துகொண்டு பத்தடி தள்ளி நின்றேன். சொல்லவேண்டும் என்று இரண்டு தரம் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவனுக்குக் குடை பிடிக்க ஒருவர், முகம் துடைக்க ஒருவர் என்று சுற்றிவர ஆட்கள். நானோ ஐந்தாம் வகுப்போடு நின்றவள், முன்பின் தெரியாதவர்களோடு கதைத்துப் பழக்கமில்லை. சருகைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் போய்விட்டேன்.

பாட்டு வந்த அன்று தம்பியின் மனைவி, என் மச்சாள், போனைக் குடத்தில் சாய்த்து வைத்தாள். அயல் பெண்கள் நாலைந்து பேர் சுற்றியிருந்து பார்த்தோம். காதலி ஒரு வாழைக்குப் பின்னால் ஒளிக்கிறாள். பொடியன் தோட்டமெல்லாம் ஓடித் தேடுகிறான்.

"கயிறு பிடிச்சு நேருக்கு வைச்ச வாழை. இந்த முனையிலை நிண்டா அந்த முனையிலை கட்டின மாடு தெரியும். உவர் ஆரைத் தேடுறார்?" என்றாள் மச்சாள்.

அதோடு எல்லோருக்கும் வாய் திறந்தது. குதி உயர்ந்த சப்பாத்தோடு வாய்க்காலில் நடக்கும் அந்தப் பெண் அழுவது பிரிவால் அல்ல, கால் சுளுக்கித்தான் என்றார்கள். பிறகு சட்டை பிடிபட்டது. முதலில் வெள்ளை. அடுத்த அடியில் நெஞ்சிலே மண்ணிறக் கறை. அதற்கடுத்ததில் திரும்பவும் வெள்ளை; கறை தெரியமுன் பிடித்ததை இடையில் ஒட்டியிருக்கிறார்கள். சோகமான இடத்தில் இரண்டு கையாலும் நெஞ்சைப் பொத்திக்கொண்டு பாடினான். அவன் எதைப் பொத்துகிறான் என்று எங்களுக்குத்தானே தெரியும். முன்வீட்டுப் பெண் அதேமாதிரி நெஞ்சைப் பொத்திக்கொண்டு அடுப்படி வரைக்கும் நடந்து காட்டினாள். நானும் சீலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன்.

சிரிப்பு அடங்கின பிறகு ஒருமாதிரி இருந்தது. நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளையைப் பார்த்து ஊர் இப்படிச் சிரித்திராது.

பாட்டு நன்றாக ஓடியதாம். இரண்டு மாதத்தில் அடுத்த பாட்டுக்கும் எங்கள் தோட்டத்துக்கே வந்தான். இந்தமுறை சந்தன நிறத்தில் பட்டுச் சட்டை. அன்றும் குலை வெட்டின நாள். அவன் கையை விரித்துக்கொண்டு வெட்டின மரத்தை நோக்கிப் போவதைக் கண்டேன். எப்படிப் போனேனோ தெரியாது, குடைக்காரரையும் தாண்டிப் போய் முன்னால் நின்றேன்.

"மோனை, அதைத் தொடாதை. கயர் படும். பட்டாப் போகாது."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"அம்மா, போனமுறை நீங்கள் எங்கை நிண்டனீங்கள்?" என்றான் பொடியன்.

"இதிலைதான் நிண்டனான்."

அவன் சிரித்த சிரிப்பில் எனக்கும் கூச்சம் விட்டது. அந்த வெள்ளைச் சட்டையை அவனுடைய தாய் இன்னும் ஊறப்போட்டபடியாம். பம்புக் கொட்டிலில் தொங்கின தம்பியின் தோட்டச் சட்டையை எடுத்துக் கொடுத்தேன். கயர் பட்டுப் பட்டு அது முதலில் என்ன நிறம் என்று தம்பிக்கே தெரியாது. பொடியன் அதைப் போட்டுக்கொண்டு ஒரு மரம் விடாமல் கட்டிப்பிடித்துப் பாடினான்.

அந்தப் பாட்டையும் எல்லோருமாகப் பார்த்தோம். தேடுகிற வேலையை அவன் இன்னும் விடவில்லை. சட்டையைப் பற்றி மட்டும் ஒருவருக்கும் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

தம்பிக்குத்தான் தலைகால் தெரியவில்லை. பாட்டில் வந்த சட்டையென்று அதைத் தோய்த்து, ஸ்திரி போட்டு அலுமாரியில் கொழுவிவிட்டான். தோட்டத்துக்குப் போட வேறு பழசு இல்லாமல், கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையோடு குலை வெட்டப் புறப்பட்டான். இந்தமுறை நான் படலையடியிலேயே மறித்துச் சொன்னேன்.

"நான் பாத்து வெட்டுவன், அக்கா" என்றான்.

இப்போது மச்சாள் அதை ஊறப்போட்டபடி.