கழுவாத ஐந்து நாட்கள்

அம்மா முப்பத்தொரு வருடம் ஒரு மருத்துவமனையின் கருவி கழுவும் அறையில் வேலை பார்த்தாள். அறுவை அறையிலிருந்து ரத்தத்தோடு வரும் கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் பிரஷ் போட்டுத் தேய்த்து, விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, துணியில் சுற்றி, நீராவி இயந்திரத்துக்குள் வைக்க வேண்டும். இடுக்கியின் பல்லுக்குள் ஒரு புள்ளி தெரிந்தாலும் மொத்தத் தட்டையும் மறுபடி கழுவுவாள். கூட வேலை பார்த்தவர்கள் அவளைப் பளிச்சக்கா என்று கூப்பிட்டார்கள். அதில் பாதி கிண்டல், பாதி பயம்.

ஓய்வு பெற்ற பிறகு அவளால் உட்கார முடியவில்லை. ஜன்னல் கம்பிகளைத் தேய்த்தாள். சுவிட்சுகளைத் துடைக்கப் போய் ஷாக் வாங்கினாள். கீழ்வீட்டில் இருந்த சித்தி, அம்மாவின் தங்கை, தன் வீட்டுப் பாத்திரங்களை எடுத்து ஒளித்து வைக்கத் தொடங்கினாள். "இவ தேய்ச்ச தேய்ப்புல என் டீ வடிகட்டியில இப்ப டீத்தூளும் சேர்ந்து இறங்குது" என்பாள்.

நான்காவது மாதம் அம்மா ஒரு நாயோடு வந்தாள். மருத்துவமனையின் பின்வாசலில் யாரோ விட்டுவிட்டுப் போன பழுப்பு நாய். காது இரண்டும் தாடைக்குக் கீழே தொங்கும். தொங்கல் என்று கூப்பிட்டோம், அதுவே பெயராகிவிட்டது. வந்த வாரமே அதன் காது நாறியது. அம்மாவின் முகத்தில் அன்றைக்குத்தான் பழைய தெளிவைப் பார்த்தேன். கழுவ ஒன்று கிடைத்துவிட்டது.

மருத்துவமனையில் கழித்துக்கட்டிய ஒரு இடுக்கி அவளிடம் இருந்தது. அதன் நுனியில் பஞ்சைச் சுற்றி, கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் நனைத்து, தினமும் காலையும் மாலையும் காதைத் துடைப்பாள். தொங்கல் அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டு முனகும். வலியா சுகமா என்று எங்களுக்குப் பிரித்துத் தெரியாது.

காது ஆறும். மூன்று நான்கு மாதத்தில் திரும்ப வரும். தலையை உதறும், பின்னங்காலால் சொறியும், சுவரோடு காதை வைத்துத் தேய்க்கும். மருத்துவரிடம் போவோம், சொட்டு மருந்து வாங்குவோம், ஆறும், திரும்ப வரும். நான்கு வருடத்தில் பதினோரு முறை. எண்ணிக்கை என்னுடையது. தேதிகளைக் குறித்து வைப்பது என் பழக்கம்.

பதினோராவது முறைதான் இந்தக் கதை.

நாய் டாக்டரின் இடம் ஒரு டயர் கடைக்குப் பக்கத்தில் இருந்தது. முன்னறையில் நான்கு நாற்காலி, உள்ளறையில் ஒரு ஸ்டீல் மேஜை, மூலையில் நுண்ணோக்கி. டாக்டர் இளைஞர். வழக்கம்போலக் குச்சிப் பஞ்சைக் காதுக்குள் விட்டுச் சுழற்றி எடுத்து, கண்ணாடித் தகட்டில் உருட்டி, சாயம் போட்டு, நுண்ணோக்கியில் குனிந்தார். நிமிர்ந்து உதட்டைப் பிதுக்கினார்.

"ஒண்ணுமே இல்லம்மா. எப்பவும் போலத்தான். ஆனா உள்ள வீங்கி, குழாய் பென்சில் நுழையுற அளவுக்குக்கூட இல்ல. இதுக்கு மேல மருந்து சொன்னா நான் உங்களை ஏமாத்துற மாதிரி. காதுக் குழாயையே எடுத்துடலாம். பெரிய ஆஸ்பத்திரியில நாள் வாங்கித் தர்றேன்."

"எடுத்துட்டா காது கேக்குமா தம்பி?"

"பெரும்பாலும் கேக்காது. ஆனா வலி இருக்காது."

"நான் கூப்பிட்டா?"

டாக்டர் பேனாவை எடுத்துச் சீட்டைத் தன் பக்கம் இழுத்தார். அம்மா தொங்கலின் கழுத்தைத் தடவினாள். பிறகு, அவர் மனம் மாறுவதற்கு ஒரு நற்சான்று காட்டுவது போலச் சொன்னாள்.

"நான் ஒண்ணும் கவனிக்காம விடல தம்பி. உங்க முன்னாடி அழுக்கோட கொண்டு வந்து நிறுத்துவேனா? காலையிலயே நல்லா உள்ள வரைக்கும் துடைச்சு, போன தடவை மிச்சமிருந்த மருந்துல நாலு சொட்டு விட்டுத்தான் கூட்டிட்டு வந்தேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஒவ்வொரு தடவையுமா?"

"பின்ன?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

நான் குடிநீர் நிலையத்தில் பரிசோதகர். மாதிரி எடுப்பதுதான் என் தொழில். ஒரு வீட்டுக் குழாயில் ஈயம் கலக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் காலையில் முதலில் வரும் தண்ணீரைப் பிடிக்க வேண்டும். குழாயைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடித்தால் தண்ணீர் சுத்தமாகத்தான் இருக்கும், பரிசோதனை வீண். இதைப் புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுக்கிறேன். பதினோரு முறையும் அம்மா காதைத் துடைத்து மருந்து விட்டதை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே பார்த்திருக்கிறேன். ஒரு முறைகூட உறைக்கவில்லை.

"அப்ப நான் இத்தனை நாள் குருட்டாம்போக்குலதான்மா மருந்து கொடுத்திருக்கேன்" என்றார் டாக்டர். "உள்ள என்ன கிருமின்னே எனக்குத் தெரியாது. தினமும் நனைச்சா தோல் ஊறிப் போகும், அது வேற. ஒண்ணு பண்ணுங்க. அஞ்சு நாள் காதைத் தொடாதீங்க. துடைக்கக் கூடாது, மருந்து கூடாது. அழுக்கோட கொண்டு வாங்க. அதை லேபுக்கு அனுப்பிப் பாக்குறேன். சரியான மருந்து கிடைச்சா ஆறு வாரம் போட்டுப் பாப்போம். கேக்கலேன்னா ஆபரேஷன்தான்."

அம்மா தலையாட்டினாள். ஐந்து நாள் சாப்பிடாமல் இரு என்றிருந்தால் இன்னும் நிம்மதியாகத் தலையாட்டியிருப்பாள்.

முதல் நாள் வீட்டிலிருந்த எல்லாப் பாத்திரத்தையும் கழுவினாள். இரண்டாம் நாள் கழுவிய பாத்திரங்களைக் கழுவினாள். தொங்கல் தலையை உதறும்போதெல்லாம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அது அவள் அருகே போய், வலிக்கிற பக்கத்தை அவள் முழங்காலில் அழுத்தி நின்றது. அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"பள்ளிக்கூடத்துல நிக்க வச்ச மாதிரி நிக்குறியே அக்கா" என்றாள் சித்தி.

"கை அரிக்குதுடி."

மூன்றாம் நாள் நான் வேலையிலிருந்து சீக்கிரம் வந்தேன். குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினேன். அம்மா குட்டை முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் தொங்கல். கையில் இடுக்கி. பக்கத்துக் கிண்ணத்தில் கறுத்த பஞ்சுகள்.

"மேலாப்புலதான்டி. ஒழுகுச்சு. பாக்க முடியல."

அன்றைக்கு நிலையத்தில் எனக்கு நாள் சரியில்லை. அதைக் காரணமாகச் சொல்ல மாட்டேன்.

"நாலு வருஷமா இது வலியில கிடக்குறதுக்கு நீதான்மா காரணம். டாக்டர் மரியாதைக்காகச் சொல்லல. நான் சொல்றேன். நீ கழுவிக் கழுவித்தான் இதோட காதே போகப் போகுது."

அம்மா இடுக்கியைக் கிண்ணத்தில் வைத்தாள். தொங்கலை மெல்ல இறக்கிவிட்டாள். எழுந்து சோப்புப் போட்டுக் கை கழுவினாள், விரல் இடுக்கு, நகம், மணிக்கட்டு, முழங்கை வரை. வேலையில் சொல்லிக் கொடுத்த வரிசையில். முடித்துவிட்டு ஒரு பையில் இரண்டு புடவையை எடுத்து வைத்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"கீழ. உன் சித்தி வீட்டுல அஞ்சு நாள் இருந்துக்குறேன். இங்க இருந்தா தொட்டுடுவேன். நீ முதல்ல இருந்து எண்ணு."

கோபத்தில் போகிறாள் என்று நினைத்தேன். அப்படி இல்லை. படியில் இறங்கும்போது திரும்பி, "இடுக்கியைக் கொதிக்க வச்சு எடுத்து வச்சிடு. அப்படியே போட்டா துருப்பிடிக்கும்" என்றாள்.

அந்த ஐந்து நாளும் தொங்கல் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தது. அதன் நகம் தரையில் தட்டும் சத்தம் கீழே கேட்கிறது என்று சித்தி சொன்னாள். சத்தம் கூடத்திலிருந்து அடுப்படிக்குப் போனால் அம்மாவும் கீழே கூடத்திலிருந்து அடுப்படிக்குப் போகிறாளாம். "ரெண்டு பேரும் சேர்ந்து என் உயிரை வாங்குறீங்க. ஒண்ணு மேல நடக்குது, ஒண்ணு கீழ நடக்குது."

காலையும் மாலையும் அம்மா போன் செய்தாள்.

"நாத்தம் இருக்கா?"

"இருக்கு."

"நல்ல நாத்தமா?"

"நல்ல நாத்தம்மா. அறைக்குள்ள நுழைய முடியல."

"சரி. அப்படியே இருக்கட்டும்."

ஐந்தாம் நாள் டாக்டர் காது மடலைத் தூக்கியதுமே முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு சிரித்தார். "இதுதான்மா வேணும். இத்தனை வருஷத்துல இப்பத்தான் எனக்கு இந்தக் காதைக் காட்டியிருக்கீங்க." ஒரு குச்சியை லேபுக்கான குழாயில் போட்டு மூடினார். இன்னொன்றைத் தகட்டில் உருட்டி நுண்ணோக்கியில் வைத்தார். பார்த்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டார்.

அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தாள். ஒன்றும் தெரியவில்லை என்றாள். நான் திருகைத் திருப்பித் தெளிவாக்கினேன். அவள் அசையாமல் நின்றாள். அவள் அவ்வளவு நேரம் அசையாமல் நின்று நான் பார்த்ததில்லை.

"குச்சி குச்சியா இருக்கே, அதா?"

"அதுதான்மா."

"முப்பத்தொரு வருஷம் இதுங்களைக் கொன்னுருக்கேன். இன்னைக்குத்தான் மூஞ்சியைப் பாக்குறேன்."

லேப் அறிக்கை ஆறு நாளில் வந்தது. இதுவரை கொடுத்த மருந்து எதற்கும் அடங்காத கிருமி அது. புது மருந்து, நாளைக்கு இரண்டு வேளை, ஆறு வாரம். வீக்கம் வடிய மாத்திரை. வாரத்துக்கு இரண்டு முறை மட்டும், டாக்டர் கொடுத்த திரவத்தால் கழுவலாம். மற்ற நாளில் தண்ணீர் படக் கூடாது. பெரிய ஆஸ்பத்திரியில் வாங்கிய நாளை ஏழாவது வாரத்துக்குத் தள்ளி வைத்தார்.

அம்மா மேலே வந்துவிட்டாள். நாட்காட்டியில் கழுவும் நாள்களை மட்டும் வட்டமிட்டாள். செவ்வாய், வெள்ளி. அந்த இரண்டு நாளும் விடியும் முன்பே குளித்துத் தயாராகிவிடுவாள். மற்ற நாள்களில் சொட்டு விட்டதும் கைக்கு வேலை வேண்டும் என்று ஒரு துணியை மடித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருப்பாள். இரண்டாம் வாரக் கடைசியில் தொங்கல் சுவரில் தேய்ப்பதை நிறுத்தியது. "சொல்லாத, கண்ணு பட்டுடும்" என்றாள்.

குளியலறையில் நான் சொன்னதைப் பற்றி இருவரும் பேசவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. ஆறு வாரம் முடியட்டும், காது சரியானால் அந்தப் பேச்சே லேசாகிவிடும், அப்போது கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவசரமில்லை என்று நினைத்தேன்.

மூன்றாம் வாரம், வியாழக்கிழமை காலை, பத்து மணிக்கு அம்மா சித்தி வீட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு பாதியில் நின்றது. சித்தி, அவள் ஏதோ யோசிக்கிறாள் என்று நினைத்திருக்கிறாள். சரிந்தபோதுதான் தெரிந்தது. நான் நிலையத்திலிருந்து வருவதற்குள் முடிந்துவிட்டது. இதயம் என்றார்கள். வயது அறுபத்து நான்கு.

இரண்டு நாள் சொட்டு விடவில்லை. நான்கு வேளை. மூன்றாம் நாள் வீட்டில் கூட்டமாக இருந்தபோது தொங்கல் உதறும் சத்தம் கேட்டது. எழுந்து போய் மருந்தை எடுத்தேன். யாரோ "இப்ப நாய்க்கு மருந்தா" என்றார்கள். சித்தி, "நீ போய் விடுடி. கேட்டா நான் சொல்லிக்குறேன்" என்றாள். அதன் பிறகு ஒரு வேளையும் தவறவில்லை. விட்ட நான்கு வேளைக்காகக் கடைசியில் இரண்டு நாள் கூட்டிக்கொண்டேன். டாக்டரிடம் சொன்னேன், சரி என்றார்.

கடைசிப் பரிசோதனைக்குப் போனபோது காதைத் துடைக்கவில்லை. டாக்டர் விளக்குக் குழலை உள்ளே விட்டு வெகு நேரம் பார்த்தார். தொங்கல் அசையவில்லை. நான்தான் மேஜையைச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன்.

"செவிப்பறை தெரியுது" என்றார். "வெள்ளையா, சுத்தமா. இதை நான் பார்த்ததே இல்ல." தகட்டிலும் எதுவும் இல்லை. என் முன்னாலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து ஆபரேஷனை ரத்து செய்தார். பிறகு கொஞ்சம் தயங்கி, "அம்மா இருந்திருந்தா..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு மருந்துச் சீட்டு எழுதினார்.

"இனிமே பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை கழுவினாப் போதும். நடுவுல தொடாதீங்க. சந்தேகமா இருந்தாலும் தொடாதீங்க. அப்படியே கூட்டிட்டு வாங்க."

கடைசியாகக் கழுவி இன்று பதினோராவது நாள். காலையில் தொங்கல் இரண்டு முறை தலையை உதறியது. எல்லா நாயும் உதறும். மடலைத் தூக்கி முகர்ந்தேன். நாய் வாசனைதான். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி முகர்ந்தேன். பாத்திரங்களைக் கழுவினேன். சித்தி மேலே வந்து, "உக்காருடி கொஞ்ச நேரம்" என்றாள். உட்கார்ந்தேன். தொங்கல் வந்து என் முழங்காலில் காதை அழுத்திக்கொண்டு நின்றது. இன்னும் நான்கு நாள் இருக்கிறது.