மகளின் வலது தோள்

அந்தப் பந்தை முதன்முதலில் பார்த்தபோது மட்டை உரிக்காத சின்னத் தேங்காய் என்றுதான் நினைத்தேன். பழுப்பு நிறம், இரண்டு முனையும் கூர், நடுவில் வெள்ளைக் கயிற்றில் தையல். என் மகள் அப்போது படித்த பள்ளிக்கூடத்துக்கு நான்தான் தண்ணீர் கேன் போடுகிறேன். அன்று கேன்களை இறக்கிவிட்டு மைதானத்து ஓரமாக வந்துகொண்டிருந்தபோது அது தத்தித் தத்தி என் காலடிக்கு வந்து நின்றது. எடுத்துப் பலம் கொண்ட மட்டும் வீசினேன். மைதானத்தைத் தாண்டி, சுவரைத் தாண்டி, அந்தப் பக்கம் நின்றிருந்த ஆட்டோவின் மேல் போய் விழுந்தது. பிள்ளைகள் 'ஓ'வென்று கத்தினார்கள். பி.டி. மிஸ் மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "சக்கத் அண்ணா, சூப்பர்! ஆனா அங்க நின்னு பிடிக்கிறதுக்கு நம்ம ஆளு யாரும் இல்லியே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதைக் கேட்கிற பிள்ளைகளே, அந்த மிஸ்ஸுக்கு நான் செய்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும். பெரியவர்கள் தப்பு செய்தால் அது எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் தெரியட்டும்.

நான் ஸ்ரீராம்புரத்தில் பிறந்து வளர்ந்தவன். எட்டாவதோடு படிப்பு நின்றது. இப்போது அதே ஊரில் நீலசந்திராவில் குடியிருக்கிறோம். இங்கே தமிழும் கன்னடமும் கலந்துதான் பேச்சு. இருபது லிட்டர் கேன் ஒன்றைத் தோளில் வைத்து, இன்னொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடி வரைக்கும் நிற்காமல் ஏறுவேன். என்னிடம் நாலு பேர் பார்த்து மெச்சுகிற மாதிரி இருந்தது இந்தக் கை ஒன்றுதான். அதனால் எதைப் பார்த்தாலும் கை பலத்தை வைத்தே அளப்பேன்.

மிஸ் சொல்லிக்கொடுத்த ஆட்டம் அமெரிக்கக்காரர்களின் ஃபுட்பாலில் மோதலை எடுத்துவிட்டுப் பிள்ளைகளுக்காக ஆக்கியது. பேர்தான் ஃபுட்பால், பந்தைக் கையால் வீசித்தான் ஆட வேண்டும். பக்கத்துக்கு ஐந்து பேர். ஒவ்வொருவர் இடுப்பிலும் துணிப்பட்டை தொங்கும். பந்தோடு ஓடுகிறவரின் பட்டையை எதிராளி உருவிவிட்டால் ஓட்டம் அங்கேயே நின்றுவிடும். ஆட்டத்தைத் தொடங்கும்போது பந்து முதலில் ஒருவர் கைக்கு வரும். அவருக்குக் குவார்ட்டர்பேக் என்று பேர். தன் ஆட்கள் நாலு திசையில் ஓட, யாருக்கு வீசுவது என்று கண்மூடித் திறப்பதற்குள் முடிவு பண்ணி அவர் வீச வேண்டும். எட்டாவது படித்த என் மகளைத்தான் மிஸ் அந்த இடத்தில் நிறுத்தினார். எனக்குப் பெருமை. ஆனால் கூடவே ஒரு சந்தேகம். கொத்தவரங்காய் மாதிரி கை அவளுக்கு. கேட்டே விட்டேன்.

"அவள விட தூரமா போடுற பசங்க மூணு பேர் இருக்காங்க மிஸ். இவள ஏன் போட்டீங்க?"

"அவங்கெல்லாம் ஆளு எங்க நிக்கிறாங்கன்னு பாத்து போடுறாங்க அண்ணா. பந்து போறதுக்குள்ள ஆளு நகந்துடறாங்க. இவ, ஆளு எங்க போயி சேருவாங்கன்னு பாத்து அங்க போடுறா. அத நான் சொல்லிக் குடுக்கல, அவளே செய்யறா. தூரம் என்ன, வளர்ற பொண்ணு, வந்துடும்." பிறகு வெறும் கையை ஓங்கிக் காட்டினார். "வீசறதே கால்லேர்ந்துதான் அண்ணா வருது. கால், இடுப்பு, தோள். கை கடைசில வந்து சேந்துக்குது." தலையாட்டினேன். கேன் தூக்குகிறவனுக்கே கை பாடமா என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் வேறொரு பள்ளியோடு ஆட்டம். நானும் வேலைக்கு அரை நாள் மட்டம் போட்டுவிட்டுப் போனேன். முடியப்போகிற நேரம், பந்தை இன்னொரு தடவை எதிர்ப் பக்கத்துக் கடைசிக் கோட்டுக்குக் கொண்டுபோனால் ஜெயிப்பு. என் மகள் இரண்டு அடி பின்னால் வந்து, தூரத்து மூலைக்கு ஓடிய பெண்ணைப் பார்த்து வீசினாள். எதிர்க்காற்று. பந்து அவளிடம் போகாமல் நடுவிலேயே தணிந்தது. எதிர்ப் பக்கத்துப் பெண் தாவிப் பிடித்துவிட்டாள். அதோடு தோற்றோம். பக்கத்தில் நின்ற ஒரு பையனின் அப்பா என் முதுகில் தட்டி, "என்ன குரு, ஊருக்கெல்லாம் நீ தண்ணி தூக்குற, பொண்ணுக்கு ஒரு ராகி முத்தே, ஒரு களி உருண்ட போடலியா? கையில தம்மே இல்லியே" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். என் காது மடல் சுட்டது.

திரும்பும்போது மிஸ்ஸிடம், வீட்டில் நான் அவளுக்குக் கொஞ்சம் பயிற்சி கொடுக்கட்டுமா என்று கேட்டேன். மிஸ் நின்றுவிட்டார். "வேணாம் அண்ணா. இன்னிக்குக் கொஞ்சம் வலு பத்தலதான், இல்லன்னு சொல்லல. ஆனா வாரத்துக்கு மூணு நாள் நான் குடுக்கறதே போதும். இந்த வயசுல தோள் இன்னும் இறுகல. வீட்ல எதுவும் செய்யாதீங்க." இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கும் அது ஞாபகம் இருந்தது.

மறுவாரமே தொடங்கிவிட்டேன். எங்கள் சந்து முனையில் வீடு கட்டுவதற்காக மணல் குவித்திருந்தார்கள். விடிகிற நேரத்தில் அவளை எழுப்பிக் கூட்டிப்போவேன். ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக் கையில் கொடுத்து, மணலைப் பார்த்து நூறு தடவை வீசச் சொல்வேன். கனமானதை வீசிப் பழகினால் பந்து பஞ்சு மாதிரி இருக்கும் என்பது என் கணக்கு. "மிஸ்கிட்ட சொல்லாத கண்ணு, நெறைய தூரம் போட்டு அவங்கள அசத்தணும்" என்றேன். என் மனைவி கதவருகில் நின்று, "அவ உன் பொண்ணா, வண்டிக்கு லோடு ஏத்துற ஆளா?" என்று கேட்டாள். பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கினேன். மகள் சத்தமாக எண்ணுவாள். அறுபதுக்கு மேல் குரல் இறங்கிவிடும். "வலிக்குதுப்பா" என்பாள். "வலிச்சாதான் ஏறும்" என்பேன். ஒரு மாதத்தில் நிஜமாகவே தூரம் கூடியது. அதைப் பார்த்த சந்தோஷத்தில், அவள் தலை வாரிக்கொள்ள அம்மாவைக் கூப்பிட ஆரம்பித்திருந்தது என் கண்ணில் படவில்லை. வலது கை தலைக்கு மேல் போகவில்லை அவளுக்கு.

ஒருநாள் பள்ளி மைதானத்தில் பந்தை வீசியவள் தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாளாம். எலும்பு வளர்கிற இடத்தில் காயம், அளவுக்கு மீறி வீச விட்டிருக்கிறார்கள், மாதக்கணக்கில் ஓய்வு வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

பிரின்சிபால் மேடம் கூப்பிட்டார். பின் கேட் வழியாகவே போய்வருகிற எனக்கு அன்றுதான் அந்த அறையில் உட்கார நாற்காலி கிடைத்தது. மிஸ் நின்றுகொண்டிருந்தார். கையைத் துணியில் தொங்கவிட்டபடி மகள் என் பக்கத்தில். மேடம் டாக்டர் சீட்டைப் படித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "வீட்ல ஏதாவது வெயிட் தூக்குறாளா? வேற ப்ராக்டிஸ் ஏதாவது?"

"இல்ல மேடம். வீட்ல படிப்பு மட்டும்தான்."

அவ்வளவுதான் நான் சொன்னது. தண்ணீர் ஆர்டர் போய்விடும் என்று பயந்து சொன்னேன் என்றால்கூட ஒரு நியாயம் இருக்கும். அதற்கு இல்லை. 'நீயெல்லாம் ஒரு அப்பாவா' என்று அந்த அறையில் யாரும் என்னைப் பார்த்துவிடக் கூடாது, அதற்காகத்தான். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். மிஸ் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு மேடத்திடம், "நான் வாரத்துக்கு மூணு நாள்தான் குடுத்தேன் மேடம்" என்றார். அதை யாரும் நம்பவில்லை. அவர் வருஷத்துக்கு வருஷம் கான்ட்ராக்டில் இருந்தவர். அந்த வருஷம் முடிந்ததும் அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒருநாள் நான் கேன் இறக்கும்போது இரண்டு பிள்ளைகள் பேசிக்கொண்டு போனார்கள்: "அந்த மிஸ்தான் ஓவரா போட வச்சு அவ கைய ஒடச்சாங்க." கேனைக் கீழே வைத்தேன். பிறகு அடுத்த கேனை எடுக்கப் போனேன்.

மூன்று வருஷம் ஓடிவிட்டது. தோள் ஆறிவிட்டது. மகள் இப்போது பி.யூ.சி. முதல் வருஷம், அதாவது பதினொன்றாவது. எந்த ஆட்டமும் ஆடுவதில்லை. அந்த நாளைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை.

போன மாதம் ஜீவனஹள்ளியில் புதிதாக ஒரு பல் டாக்டரிடமிருந்து ஆர்டர் வந்தது. கேனைத் தோளில் வைத்துக்கொண்டு போனேன். எனக்காகக் கதவைத் திறந்து பிடித்தவர் மிஸ். அங்கே பேர் எழுதி உள்ளே அனுப்புகிற வேலையில் இருந்தார். கேனை இறக்கி வைத்தேன். அதற்குமேல் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"பாப்பா தோள் எப்படி இருக்கு அண்ணா?" என்றுதான் முதலில் கேட்டார்.

"நான்தான் மிஸ். தெனம் காலைல நான்தான் அவள..."

"தெரியும். அன்னிக்கே பாப்பா சொல்லிட்டா. பாத்ரூம் பக்கம் நின்னு அழுதுட்டே சொன்னா."

"அப்புறம் ஏன் மிஸ் நீங்க மேடம்கிட்ட சொல்லல?"

"என்னான்னு சொல்றது? உங்கப்பா பொய் சொல்றாருன்னு அவ முன்னாடியே சொல்றதா? பதிமூணு வயசுப் பொண்ணு அண்ணா." ஏட்டை மூடினார். "நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன். நாளைக்கு வந்து சொல்லுவாரு, நாளான்னிக்கி சொல்லுவாருன்னு. இப்ப எந்த ஸ்கூல்ல வேலை கேட்டாலும் நம்ம பழைய ஸ்கூலுக்கு ஒரு போன் போட்டு விசாரிக்கிறாங்க. பசங்களுக்கு அடிபட வச்சவங்கன்னு பதில் வருது. பேஜாராயிட்டு விட்டுட்டேன்."

மன்னிப்புக் கேட்டேன். "என்கிட்ட கேட்டு என்ன அண்ணா? எங்க பொய் சொன்னீங்களோ அங்க போயி சொல்லுங்க" என்றார். அதற்குள் போன் அடித்தது. அதை எடுத்து இங்கிலீஷில் பேச ஆரம்பித்துவிட்டார். அவர் சொன்னதில் கோபம்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு முன் கேட் வழியாகப் போனேன். பிரின்சிபால் மாறியிருந்தார். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வாயால சொன்னா எப்படி? எழுத்துல குடுங்க, ஃபைல்ல வைக்கிறோம். இனிமே யாராவது விசாரிச்சா அதையும் சேத்து சொல்றோம்" என்றார். எனக்குத் தமிழ்தான் எழுத வரும். அங்கே இங்கிலீஷில் வேண்டும். எழுதித்தரக் கேட்பதற்கு எனக்கு ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் கோடு போட்ட தாளோடு என் எதிரில் உட்கார்ந்தாள். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் இங்கிலீஷில் எழுதினாள். மணல், பாட்டில், நூறு தடவை எல்லாம் சொன்னேன். அவள் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "இதையெல்லாம் நான் தெரியாமல் செய்துவிட்டேன்" என்று சொன்னேன். பேனா நின்றது.

"தெரியாமலாப்பா?"

"அத எழுதாத" என்றேன். "மிஸ் வேணாம்னு சொன்னாங்க, அதுக்கப்புறமும் செஞ்சேன்னு எழுது. கேட்டப்போ பொய் சொன்னேன்னும் எழுது."

எழுதினாள். பிறகு அதே மாதிரி இன்னும் இரண்டு தாளில் எழுத ஆரம்பித்தாள். ஒன்று போதுமே, எதற்கு மூன்று என்று கேட்டேன்.

"ஒண்ணு ஸ்கூலுக்கு. ஒண்ணு மிஸ்ஸுக்கு, இனிமே எங்க வேலை கேட்டுப் போனாலும் அவங்க கையில இருக்கட்டும்" என்றாள். மூன்றாவது யாருக்கு என்று அவள் சொல்லவில்லை. நான் மூன்றிலும் தமிழில் கையெழுத்துப் போட்டேன். மூன்றாவதை அவள் நாலாக மடித்துத் தன் நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.