வாய்க்கூடையை அவிழ்த்த மத்தியானம்

பெண் குதிரையின் முதல் பால் விரலில் பிசினைப் போல ஒட்டும். அந்தப் பாலை மாணிக்கம் அண்ணன் வாளியில் கறந்து, லாயத்துக்குப் பின்னால் ஓடிய சாக்கடையில் ஊற்றியதை நான் நின்று பார்த்தேன். டத்தோ கிராமாட் தெருவில் மாடு வைத்துப் பால் விற்ற வீடு எங்களுடையது. பசு ஈன்றால் கன்று குடித்த மிச்சத்தைத்தான் அம்மா வெல்லம் போட்டுக் காய்ச்சி அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தனுப்புவாள். 'சீம்பால்' ஒரு சொட்டு தரையில் சிந்தினாலும் முதுகில் அடி விழும்.

லாயம் ஒரு சீன முதலாளியுடையது. எல்லோருக்கும் அவர் 'தவுக்கே'. ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வரும்போதே சினையாக இருந்த அந்தக் குதிரை ஈன்ற காலையில், குதிரைக்காரரான மாணிக்கம் அண்ணன் பயந்ததெல்லாம் வேறு. தொப்புள் சீழ் பிடித்து மூட்டுகள் வீங்கிவிடுமோ, கருப்பாக வரவேண்டிய முதல் சாணம் வயிற்றில் அடைத்துக்கொள்ளுமோ, கால் ஊன்றி எழுமோ எழாதோ என்றுதான் தவித்தார். குட்டி எழுந்து நின்றது. தொப்புளுக்கு அயோடின் வைத்தார். சாணமும் போயிற்று. ஆனால் அதன் வாயில் ஒரு சின்ன வாய்க்கூடையை மாட்டி, தாயின் மடியில் அது வாய் வைக்க முடியாமல் வாரை இறுக்கிவிட்டார். இந்தத் தாய் முன்பு போட்ட குட்டி பால் குடித்ததும் மஞ்சள் பூத்துச் செத்ததாம். அதனால் இரண்டு நாளைக்குத் தாய்ப்பால் கூடாது, கறந்து கொட்டிவிட்டுப் பசும்பாலில் குளுக்கோஸ் கலந்து புட்டியில் கொடுக்க வேண்டும் என்பது குதிரை டாக்டரின் கட்டளை.

அந்தப் பசும்பாலைக் கொண்டுபோனவன் நான்தான். "இதுக்குப் பெத்தவ பாலே விஷமாம், தம்பி. கிட்ட விட்டுடாதே," என்று மாணிக்கம் அண்ணன் எனக்குத் தெளிவாகவே சொன்னார். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை.

வீட்டில் வந்து சொன்னதும் அம்மா சிரித்தாள். "நம்ம பாலு விக்குது, நல்லதுதான். ஆனா பெத்தவ பாலு எப்படிடா விஷமாகும்? அந்த டாக்டர் மாடு மேய்ச்சிருக்கானா?"

மத்தியானம் புட்டியோடு போனபோது மாணிக்கம் அண்ணன் என்னைக் காவலுக்கு வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். வாய்க்கூடையின் இடுக்கு வழியாக நீட்டிய புட்டியைக் குட்டி தொடவில்லை. வாய்க்கூடையோடு தாயின் தொடையில் முட்டிக்கொண்டும், மரச்சுவரை நக்கப் பார்த்துக்கொண்டும் இருந்தது. தாயின் மடி கல்லாக இறுகி, காம்பிலிருந்து பால் தானாகவே வைக்கோலில் சொட்டியது. எங்கள் வீட்டில் ஒரு கன்றையும் அப்படி நிறுத்திவைத்ததில்லை. டாக்டரைவிட அம்மாவை நம்பினேன். வாரை அவிழ்த்தேன். குட்டி வாலை ஆட்டி ஆட்டி, கண்ணை மூடிக்கொண்டு குடித்தது. அதைவிட அழகான காட்சியை அந்த வயதில் நான் பார்த்ததில்லை. வாயைத் துடைத்து மறுபடியும் மாட்டினேன், ஆனால் வாரை அவர் இறுக்கியதைப் போல இறுக்கத் தெரியவில்லை. வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் சொன்னேன். அவள் என் தலையைத் தடவி, புண்ணியம் செய்தாய் என்றாள்.

மறுநாள் குட்டி எழவில்லை. ஈறு வெளுத்து, பிறகு மஞ்சளாயிற்று. கண்ணின் வெள்ளையும் மஞ்சள். மூத்திரம் வெற்றிலை எச்சிலைப் போலச் சிவந்து போனது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, தாயின் பாலே குட்டியின் இரத்தத்தை உடைத்துக்கொண்டிருக்கிறது, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்றார். தளர்ந்து தொங்கிய வாரை எல்லோரும் பார்த்தார்கள். மாணிக்கம் அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்.

"தம்பி, நீ அவுத்தியா?"

"இல்லண்ணே."

அவர் இரண்டாவது தடவை கேட்கவில்லை. குட்டி அவர் மடியில் தலைவைத்து, மூச்சு இரைத்து இரைத்துச் செத்தது. தாய் அதை நக்கிக்கொண்டே நின்றது. ஒரு வாரத்துக்குள் தவுக்கே அவரை வேலையை விட்டு நிறுத்தினார். அவர் நிபோங் திபால் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குப் போய்விட்டார். வாயைத் திறந்திருந்தால் நான் தடுத்திருக்கலாம். அம்மாவும் திறக்கவில்லை. அவள் சாகும்வரை நாங்கள் இருவரும் அந்தக் குட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன்: குட்டியின் இரத்தம் தகப்பன் வழியில் அமைந்து, தாயின் உடல் அதைப் பகையாக எடுத்துக்கொண்டால், அந்தப் பகை முதல் பாலில் இறங்கும், ஒன்றிரண்டு நாள் கடந்தால் குட்டியின் குடல் அதை உள்ளே விடாது. இப்போது இரத்தத்தை முன்கூட்டியே சோதித்துவிடுகிறார்கள். லாயம் இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். எங்கள் தெருவில் மாடு கட்டுகிறவர் எவரும் இல்லை.

போன தைப்பூசத்தில் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் சாலையில், ஒரு பந்தலில் மோர் கொடுத்த அம்மாள் என் ஊரை விசாரித்தார். டத்தோ கிராமாட் பால்கார வீடு என்றதும் முகம் மலர்ந்து, தான் குதிரை லாயத்து மாணிக்கத்தின் மகள் என்றார். அண்ணன் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றனவாம். "அப்பா கடைசி வரைக்கும் அந்தக் குதிரைக் குட்டியைத்தான் சொல்வாரு, அங்கிள். வாரைச் சரியா இறுக்காம விட்டுட்டேன், என் கையாலேயே கொன்னுட்டேன்னு."

நான் அங்கேயே நின்று, நடந்ததைச் சொன்னேன். அவர் கையில் மோர்க் குவளை அப்படியே இருந்தது. பின்னால் கூட்டம் நெருக்கியது.

"அவர்கிட்ட சொல்லியிருக்கலாம் லா, அங்கிள்," என்றார். பிறகு குவளையை எனக்குப் பின்னால் நின்றவரிடம் நீட்டினார்.