ரவிக்கைத் துணி முடிந்த சாவிகள்

காலை ஆறரைக்குத் தீப்பெட்டி ஆபீஸ் வேன் வரும்போது, மெஹராஜ் பேகத்தின் பெட்டிக்கடையில் எவர்சில்வர் தூக்குவாளி மூடி திறந்தே இருக்கும். வேலைக்குப் போகும் பெண்கள் வீட்டுச் சாவியை அதில் போட்டுவிட்டு ஏறுவார்கள். பதினோரு வீடு, பதினோரு சாவி. அடையாளத்துக்கு அவரவர் சேலைத்துணியைக் கிழித்து முடிந்திருப்பார்கள்.

அந்தக் கரிசல் ஊருக்கு அவள் கல்யாணமாகி வந்து இருபத்திரண்டு வருஷம். அங்கே அவர்கள் ஒரே ஒரு முஸ்லிம் குடும்பம். முதல் வருஷம் சாமான் வாங்க வருகிறவர்கள் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசமாட்டார்கள். ஒருநாள் திடீர் மழையில், வெயிலுகந்தம்மாள் வாசலில் காயப்போட்டிருந்த மிளகாய் வத்தலை மெஹராஜ் ஓடிப்போய் அள்ளி வைத்தாள். மறுநாள் வெயிலுகந்தம்மாள் சாவியைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள். அதுதான் பிள்ளையார் சுழி.

கணவர் மௌத்தாகித் தனியாளான பிறகு அண்ணன் கோவில்பட்டிக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டார்.

"இத்தன வீட்டுச் சாவியப் போட்டுட்டு நான் எங்கன வர?" என்றாள். அந்தத் தூக்குவாளிதான் அவளுக்குச் சொந்தபந்தம்.

இந்தத் தீபாவளிக்குத் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி எல்லாப் பெண்களுக்கும் ஒரே மயில்கழுத்து நிறச் சேலை எடுத்துக் கொடுத்தார். ரவிக்கை தைத்த மிச்சத்துணி எல்லார் வீட்டிலும் கிடந்தது. பழைய துணியை அவிழ்த்துவிட்டு எல்லாரும் அதையே சாவியில் முடிந்துகொண்டு வந்தார்கள்.

"ஏட்டி, இதுல எது யாருதுன்னு நான் கண்டேன்?"

"ஆபீஸ்ல எங்களையே அடையாளம் தெரியலக்கா. சூப்பர்வைசர் என்னைய ஏசுததுக்குப் பதிலா இவள ஏசிட்டுப் போறாரு," என்றாள் இசக்கிச்செல்வி. "சாயங்காலம் அவிய அவிய பூட்டுல போட்டுப் பாத்துக்கிடுதோம்."

மெஹராஜும் சிரித்துக்கொண்டே மூடியைப் போட்டாள்.

கடையிலிருந்து மூன்றாம் வீடு வள்ளித்தாயுடையது. அவள் அப்பா சோலைமுத்துக்கு நினைவு தப்பிவிட்டது. திறந்துவிட்டால் எட்டயபுரம் ரோட்டில் நடக்க ஆரம்பித்துவிடுவார். அதனால் பூட்டிவிட்டுப் போவாள். உச்சிவேளையில் மெஹராஜ்தான் திறந்து சோறு கொடுப்பாள்.

அன்று பதினோரு மணிக்கே முனகல் கேட்டது. ஜன்னலில் பார்த்தால், கட்டிலுக்குக் கீழே விழுந்து கிடந்தார். தலையில் ரத்தம். ஒரு கை மட்டும் அசைந்தது.

"மாமா, இந்தா வந்துட்டேன் மாமா."

தூக்குவாளியைக் கொண்டுவந்து கொட்டினாள். பதினோரு சாவியும் ஒரே நிறம். தெருவில் ஆள் இல்லை; எல்லாரும் மக்காச்சோளத்தில் களையெடுக்கப் போயிருந்தார்கள். கத்திப் பார்த்தாள். நாய்தான் குரைத்தது. முதல் சாவி நுழையவில்லை. இரண்டாவது நுழைந்தது, திரும்பவில்லை. நான்காவது கை தவறி மற்ற சாவிகளுக்குள் விழுந்தது. எதைப் போட்டோம், எதைப் போடவில்லை என்பதும் குழம்பிப்போனது. ஒன்பதாவதோ பத்தாவதோ, பூட்டு திறந்தபோது உள்ளே முனகல் நின்றிருந்தது. அவர் உடம்பில் சூடு இருந்தது. மூச்சு இல்லை.

வாசலில் அவள் நின்று பூட்டைத் திறந்த இடத்திலேயே, காலடியில் அம்மிக்குழவி கிடந்தது. அதை எடுத்து ஒரு போடு போட்டிருந்தால் அந்தச் சின்னப் பூட்டு தெறித்திருக்கும். நம்பிக் கொடுத்த வீட்டுப் பூட்டை உடைக்கலாம் என்பது அவள் புத்திக்கு வரவே இல்லை. யாரிடம் சொல்வாள் இதை? சொன்னால்தான் யார் நம்புவார்கள்?

குழாயடியில் பேச்சு வந்தது.

"கல்லெடுத்துப் போட்டிருக்கலாம்லா? சாவிய நோண்டிக்கிட்டா நிப்பா?"

"நாளைக்கு நம்ம வீட்லயும் இப்படித்தான் நிப்பா."

குடத்தோடு பின்னால் நின்ற மெஹராஜ், தண்ணீர் பிடிக்காமலே திரும்பினாள்.

மறுநாளிலிருந்து வேன் வந்தது, போனது. பெண்கள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி கடையைத் தாண்டிப் போனார்கள். முதல் சாவி கொடுத்த வெயிலுகந்தம்மாளும்தான். ஒருத்தியும் ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை வள்ளித்தாய் வந்தாள். கையில் சாவி. அதில் அவள் அப்பாவின் பழைய சிவப்புத் துண்டைக் கிழித்து முடிந்திருந்தது.

"இது யாருதோடயும் மாறாதுக்கா."

"எனக்கு வேண்டாம்ட்டி. நான் வாங்குத மாதிரியா இருக்கேன்?"

"உள்ள இனிம யாரும் இல்லக்கா. சும்மா வச்சிரு."

மெஹராஜின் கை எழவில்லை. வேன் ஹாரன் அடித்தது. வள்ளித்தாயே மூடியைத் திறந்து சாவியைப் போட்டுவிட்டு ஓடினாள். வெறும் வாளியில் அந்த ஒற்றைச் சாவி விழுந்த சத்தம், வேன் போன பிறகும் மெஹராஜின் காதைவிட்டுப் போகவில்லை.