வேலைப் புத்தகத்தில் இருந்த நம்பர்

பிள்ளையார்பாளையத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். என்னிடம் வருவதில் பாதி பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிற கம்ப்யூட்டர்கள். பார்டரில் ஓடுகிற யாளியும் முந்தியில் நிற்கிற மயிலும் முதலில் திரையில் கட்டம் கட்டமாக வரையப்பட்டுத்தான் தறிக்குப் போகின்றன. புடவை வாங்குகிறவர்களிடம் இதை யாரும் சொல்வதில்லை.

அந்தப் பெண் ஒரு புதன்கிழமை காலை வந்தாள். முப்பது வயதிருக்கும். ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில், பழைய வேட்டியில் சுற்றிய சிபியுவை மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். அவள் கணவரை எனக்குத் தெரியும். அந்த சிபியுவை என்னிடம்தான் வாங்கினார். கடைகளில் ஆர்டர் பிடிப்பது அவர், உட்கார்ந்து டிசைன் போடுவது இவள்.

"அண்ணா, நான் இதுல டைப் பண்றது யாருக்கோ தெரியுது."

"வைரஸா இருக்கும்மா."

"இல்லண்ணா. பெங்களூர்ல டிசைன் வேலைக்கு ரெண்டு தடவ எழுதிப் போட்டேன். ரெண்டு தடவயும் எனக்கு வேலை வேணாம்னு என் மெயில்லேந்தே யாரோ பதில் போட்டுக்கிறாங்க. மாமியார் வீட்டுல அஞ்சு பேரு இருக்கோம். யாருன்னு தெரியல. இன்னொரு இடத்துக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பணும். இது கெடச்சா பொண்ண கூட்டிக்கினு போயிடுவேன்."

சிபியுவை மேஜையில் வைக்கும்போது இடது மணிக்கட்டு வீங்கியிருந்ததைப் பார்த்தேன். கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்ற பயம்தான்.

"வீட்ல ஸ்லோவா இருக்குதுன்னு சொல்லிட்டுதான் எடுத்துக்கினு வந்தேன். நாளைக்கி மூணு மணிக்கு நானே வர்றேன். போன் மட்டும் பண்ணாதீங்கண்ணா."

சரிம்மா என்றேன். அந்தச் 'சரிம்மா'வை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

நெட் இணைப்பைக் கொடுக்காமல் வேலையைத் தொடங்கினேன். விண்டோஸோடு சேர்ந்து தானாகத் தொடங்குகிறவற்றின் பட்டியலில் ஒன்று உறுத்தியது. பேர் விண்டோஸ் வைத்த பேர் மாதிரியே இருந்தது. ஆனால் இருந்த இடம் வேறு. பின்தொடர்ந்து போனால் மறைத்து வைத்த ஒரு போல்டர். உள்ளே அவள் தட்டிய ஒவ்வொரு எழுத்தும் தேதிவாரியாகப் பதிவாகியிருந்தது. பாஸ்வேர்டுகள் இருந்தன, அக்காவுக்கு எழுதிய கடிதங்கள் இருந்தன, பத்து நிமிடத்துக்கொரு முறை திரையை எடுத்த படமும் இருந்தது. எல்லாம் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு மெயில் முகவரிக்குப் போயிருந்தது. அந்த முகவரி நான்கு எண்களில் முடிந்தது.

இதை ஆன்ட்டிவைரஸ் ஏன் பிடிக்கவில்லை என்று பார்த்தேன். இந்த போல்டரைத் தொடாதே என்று அதற்கே யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். வெளியிலிருந்து வந்த திருட்டு சாஃப்ட்வேர் இல்லை இது. யாரோ அந்த நாற்காலியில் உட்கார்ந்து, பாஸ்வேர்ட் தட்டி, நிதானமாகப் போட்டது. இதெல்லாம் எனக்குப் புரிந்தது. புரிந்தும் என் மண்டை முழுக்க, பிடித்துவிட்டேன் என்ற குஷிதான் இருந்தது.

சேஃப் மோடில் ஏற்றி அதை நீக்கினேன். மறுபடி மறுபடி எழுப்பிவிட டாஸ்க் ஷெட்யூலரில் வைத்திருந்த கட்டளையையும் எடுத்தேன். மூன்று முறை ரீஸ்டார்ட் செய்து பார்த்தேன். திரும்பி வரவில்லை. பாஸ்வேர்டையெல்லாம் வேறு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மாற்றச் சொல்லி ஒரு சீட்டும் எழுதி வைத்தேன்.

எங்கள் ஊரில் பொருளை யார் கொண்டுவந்தாலும் வேலைப் புத்தகத்தில் ஏறுவது வீட்டுக்காரர் பேரும் நம்பரும்தான். ஜாக்கெட் தைக்கக் கொடுத்தாலும் ரசீதில் அவர் நம்பர்தான் இருக்கும். நானும் பழைய பக்கத்தைப் புரட்டி, அவர் பேருக்குக் கீழே 'வீட்டம்மா கொண்டுவந்தது' என்று எழுதியிருந்தேன். வியாழக்கிழமை காலை வேலை முடிந்தது. வேலை முடிந்தால் போன் அடிப்பது என் கைக்குப் பழக்கம். அடித்துவிட்டேன்.

"இன்னா சார் ப்ராப்ளம்?" என்று கேட்டார்.

அவர் குரலைக் கேட்டதும் அவள் சொன்னது ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்ல ஓர் ஆள் கிடைத்தார். போல்டர், எழுத்துகள், ஆறு மணி மெயில் எல்லாவற்றையும் கொட்டினேன். கடைசியில், "உங்க வீட்டம்மா சந்தேகப்பட்டது சரிதான் சார்" என்று வேறு சொன்னேன்.

பிறகு, "ரொம்ப தேங்க்ஸ் சார். நானே வந்து எடுத்துக்கறேன்," என்றார்.

இருபது நிமிடத்தில் வந்துவிட்டார். மரியாதையான மனுஷர், கையைப் பிடித்துக் குலுக்கினார். சிபியுவை வண்டியின் பின்னால் வைத்துக் கயிறு கட்டும்போதுதான் நம்பர் பிளேட்டைப் பார்த்தேன். மெயில் முகவரியில் இருந்த அதே நான்கு எண்கள். வண்டி கிளம்பிப் போய்விட்டது.

மூன்று மணிக்கு அவள் வந்தாள். மேஜையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"யாரு எடுத்துக்கினு போனது?"

சொன்னேன். போனில் பேசியதை ஒன்று விடாமல் சொன்னேன், நம்பர் பிளேட்டையும். நின்றபடியே கேட்டாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"அவருதான்னு இப்பதான் எனக்கே தெரியுது," என்றாள். "எனக்கு முன்னாடி அவருக்கு சொல்லிட்டீங்களேண்ணா."

என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எழுதும்மா என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். புதன்கிழமையே செய்திருக்க வேண்டிய காரியம். "எத வச்சிண்ணா எழுதறது? நான் போட்ட டிசைன் எல்லாம் அதுலதான் இருக்குது," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிற ஷேர் ஆட்டோவில் ஏறினாள். வேறு எங்கே போவாள்.

வெள்ளிக்கிழமை வந்து போனது. ஒரு தடவை அந்த நம்பருக்கே அடித்தேன். அவர் எடுத்ததும், "கம்ப்யூட்டர் நல்லா ஓடுதா சார்?" என்று கேட்டு வைத்துவிட்டேன். நான் அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்து அவரே சிபியுவோடு வந்தார். "இனிமே நெட்டே வேணாம் சார். டிசைன் மட்டும் போடற மாதிரி பண்ணிக்குடுங்க. அவளுக்கு அது போதும்," என்றார். முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லத் துணிச்சல் இல்லை. வேலை நிறைய இருக்கிறது, பத்து நாள் ஆகும் என்று பொய் சொன்னேன். சிரித்தபடி எடுத்துக்கொண்டு போனார். வேறு கடைக்காரர் அரை மணியில் செய்து கொடுத்திருப்பார்.

அவர் போனதும் புத்தகத்தை எடுத்தேன். அந்தப் பக்கத்தில் அவர் பேரையும் நம்பரையும் அடித்துவிட்டு, அவள் பேரை எழுதலாம் என்று பேனாவைத் திறந்தேன். அடித்தேன். அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. அவள் பேரை நான் கேட்கவே இல்லை.